உதடு செத்த இடம்

இந்த மாலையின் மகுடமாக நடுவில் வீற்றிருக்கும் கெடிலக்கரை இசை நண்பர்கள் கழகத்தின் தலைவர், பெருந்தகை ஐயா ஞானசேகரன் அவர்களே! அவருக்கு வலமும் இடமும் வரிசையாக அமர்ந்து, இந்தப் புழுக்கத்திலும் போர்த்திய சால்வையின் பாரத்தை முகத்தில் காட்டாமல் புன்னகைக்கும் சான்றோர்களே! கடலூரின் காற்றையும் வெயிலையும் கலந்து குடித்து வளர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்துவிட்ட கெட்டிக்காரத் தம்பிமார்களே! அது கிடைக்காமல் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் தங்கைமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும், களைத்துப்போன ஒரு பித்தளைக்காரியின் கனிந்த வணக்கம்.

களைத்துப்போன என்று நான் சொன்னதை அவையடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையிலேயே களைத்திருக்கிறேன். இன்று திங்கட்கிழமை. ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். வரும் மனுக்களைக் கணினியில் ஏற்றுகிற கைகள் இந்தக் கைகள். காலையிலிருந்து பட்டா வேண்டும் என்றவர்களைக் கேட்டேன். பாதை வேண்டும் என்றவர்களைக் கேட்டேன். இருந்த பாதையும் போய்விட்டதே என்று அழுதவர்களைக் கேட்டேன். கேட்டுக் கேட்டுக் காது ஓய்ந்து, தட்டித் தட்டி விரல் ஓய்ந்து, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு உள்ளே பாதி உடம்பு வெளியே என்று வந்து இறங்கியிருக்கிறேன். இல்லை ஐயா, நாற்காலி வேண்டாம், நன்றி. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன்.

என் பெயர் ஜான்சி. ஆலயத்து பேண்டில், குழலை இழுத்து நீட்டி ஊதும் டிராம்போன் பழகியவள். பழகிய பிறகு தேர்பவனி, கல்யாண ஊர்வலம், கட்சி ஊர்வலம், காதுகுத்து என்று கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் நான் ஊதி நடக்காத வீதி மிகவும் குறைவு. எங்கள் பேண்டு செட்டைச் சேர்ந்த நாங்கள், ஆளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டு, ஒரு பழைய அமெரிக்க ஃபங்க் பாட்டை எங்கள் பித்தளை வாத்தியங்களில் வாசித்து இணையத்தில் ஏற்றினோம். அதை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அதனால்தான் இந்த மேடை, இந்த மாலை, இந்த மைக்.

தலைவர் ஐயா தம்முடைய தங்கத் தமிழில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இது தொழில்நுட்பத்தின் வெற்றி" என்றார்கள். பின்னால் கட்டியிருக்கும் பதாகையைப் பாருங்கள். "சிகரம் தொட்ட ட்ரம்பெட் நாயகன் கதிர்வேல்" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களின் அன்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் பெரியோர்களே, சொல்ல வருத்தமாக இருக்கிறது. இரண்டும் உண்மை இல்லை.

ஏன் சலசலக்கிறீர்கள்? கதிர்வேல் கோபித்துக்கொள்ள மாட்டார். அதோ, மூன்றாவது வரிசையில் தூணோரமாக, நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். இதைச் சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டவரே அவர்தான். அந்தக் காணொளி பரவிய நாளிலிருந்து ஊர் ஊராக அவருக்கு அழைப்பு வருகிறது. "அந்த உச்சத்தை எங்க வீட்டுக் கல்யாணத்துல வந்து ஊதுங்க" என்கிறார்கள். அந்த உச்சத்தை அவரால் ஊத முடியாது. முடியாது என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. இப்படியே போனால் அவர் ட்ரம்பெட்டை மறுபடி பீரோ மேல் போட்டுவிடுவார். போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இன்று நான் பேசுகிறேன். வேறு எதற்காகவும் இந்தக் களைப்பில் நான் மேடை ஏறியிருக்க மாட்டேன்.

ட்ரம்பெட் என்பது என்ன? பித்தளையா? இல்லை. காற்றா? அதுவும் இல்லை. ட்ரம்பெட் என்பது உதடு. அந்த உதட்டுக்குப் பின்னால் நின்று தாங்குகிறதே, அந்த முன்பல். மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்தி ஊதும்போது அழுத்தம் முழுவதையும் வாங்கிக்கொள்வது மேல்வரிசை முன்பல். புவனகிரி சாலையில் ஒரு மாலை நேரம் குறுக்கே வந்த மாட்டுக்காகக் கதிர்வேல் வண்டியைத் திருப்பினார். மாடு தப்பியது. வண்டியும் தப்பியது. அவருடைய முன்பற்கள்தான் தப்பவில்லை.

சிதம்பரத்தில் கட்டுப்பல் வைத்தார்கள். சாப்பிட முடிந்தது. சிரிக்க முடிந்தது. பேசவும் முடிந்தது. ஆனால் ஊதினால் உச்சத்துக்குப் போகிற வழியில் உதடு வழுக்கிவிடும். எங்கள் செட்டின் முதல் ட்ரம்பெட், முன்னால் நடந்தவர், முகூர்த்த வீதிகளை முழங்க வைத்தவர், தம்முடைய இருசக்கர வாகன உதிரிபாகக் கடைக்குள் போய் உட்கார்ந்தார். ஊர்வலத்துக்கு வருவதில்லை. கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அவருடைய மனைவி மாலதி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அக்கா, ட்ரம்பெட்ட பீரோ மேல போட்டுட்டாரு. தூசி தட்டப் போனாக்கூட அத தொடாதங்கறாரு."

அப்போதுதான் அருண்குமார் ஒரு யோசனை சொன்னார். அருண்குமார் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். பேஸ் கிட்டார் வாசிப்பவர். "அக்கா, அவரு தெருவுக்கு வர வெக்கப்படுறாரு. தெருவே வேணாம். அவுங்கவுங்க வீட்ல, கதவ சாத்திக்கினு வாசிச்சு அனுப்புங்க. நான் சேத்து வைக்கிறேன். தப்பா வந்தா திரும்ப ஊதிக்கலாம், யாருக்கும் தெரியாது" என்றார்.

நல்ல யோசனை அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஃபங்க் என்றால் என்ன என்று இரண்டாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்கள். கேளுங்கள் அம்மா, கேட்பது நல்லது. நானும் அருண்குமாரிடம் கேட்டவள்தான். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் ஆக்கிய ஆட்ட இசை அது. அதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சுற்றின் முதல் அடியில் எல்லாரும் ஒன்றாக வந்து இறங்க வேண்டும். இறங்கிய பிறகு அவரவர் இஷ்டம்போல் ஆடலாம், அலையலாம், ஓடலாம், ஒளியலாம். ஆனால் அடுத்த சுற்றின் முதல் அடிக்கு ஆஜராகிவிட வேண்டும். எங்கே சுற்றினாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேருகிற பிள்ளைகள் மாதிரி. எங்களுக்கு அது பிடித்திருந்தது. எங்கள் பிழைப்பே அப்படித்தானே?

எங்கே இருந்தோம் நாங்கள்? நான் கடலூரில். கதிர்வேலும் அருண்குமாரும் சிதம்பரத்தில். இரண்டாவது ட்ரம்பெட் அய்யனார் தேவனாம்பட்டினத்தில். படகு கரையில் இருக்கும் நேரத்தில்தான் ஊத முடியும். யூஃபோனியம் என்கிற கனத்த குரல் பித்தளை வாசிக்கும் பழனிவேல் அண்ணன் மஸ்கட்டில், ஒரு கிடங்கில் காவல் வேலை. அறையில் ஊதினால் பக்கத்துக் கட்டில்காரர்கள் அடிக்க வருவார்கள் என்று, நிறுத்தி வைத்த பிக்கப் வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த வெக்கையில் ஊதியவர் அவர்.

முதலில் வீடியோ அழைப்பில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாம் என்று பார்த்தோம். பார்த்தோமா? பட்டோம்! நான் பேசினால் கேட்கிறது. டிராம்போனை எடுத்து ஊதினால் கேட்கவில்லை. அய்யனார் இருமினால் கேட்கிறது. ட்ரம்பெட் ஊதினால் கேட்கவில்லை. என்னடா இது என்று பார்த்தால், வீட்டில் நாய் குரைத்தால், மிக்ஸி ஓடினால், அந்தச் சத்தத்தை வடிகட்டிவிட்டு மனிதக் குரலை மட்டும் அனுப்புகிற வசதியாம் அது. எங்கள் வாழ்நாள் உழைப்பை ஒரு நொடியில் கேட்டு, இது மிக்ஸி என்று முடிவு கட்டிவிட்டது அந்தச் செயலி! சிரியுங்கள், சிரியுங்கள். தொழில்நுட்பத்தின் வெற்றி என்று தலைவர் ஐயா சொன்னார்களே, அதனால்தான் இதைச் சொன்னேன்.

ஆகவே அருண்குமார் வழிகாட்டும் ஒலித்தடம் ஒன்று போட்டு அனுப்பினார். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் மட்டும். அதை ஒரு காதில் கேட்டுக்கொண்டு அவரவர் பங்கை ஊதி, பதிவு செய்து, அவருக்கு அனுப்ப வேண்டும். பாட்டின் நடுவில் ஓர் ஏற்றம் இருக்கிறது. முதல் ட்ரம்பெட் தனியாகப் படிப்படியாக ஏறி, உச்சியில் போய் நிற்க வேண்டும். மற்ற வாத்தியங்கள் கீழே நின்று, வெட்டி வெட்டிச் சின்னச் சின்னதாகத் தாங்கிக் கொடுக்க வேண்டும். அந்த ஏற்றம் கதிர்வேலுக்கு. அந்த ஏற்றத்துக்காகத்தான் பாட்டே.

இங்கேதான், பெரியோர்களே, நாங்கள் ஒரு பிழை செய்தோம். பேண்டுக்காரர்களைத் தவிர வேறு எவரும் செய்ய முடியாத பிழை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இதுவரை எந்த மேடையிலும் எவரும் சொல்லாதது. இன்று கதிர்வேலிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். ஊர்வலம் நீளமாகப் போனால், வெயிலிலும் நடையிலும் ஊதி ஊதி, ஒரு கட்டத்தில் உதடு மரத்துவிடும். காற்று போகும், சத்தம் வராது. "உதடு செத்துப்போச்சு" என்போம். அப்படிச் செத்துவிட்டால், பக்கத்தில் நடப்பவர் அந்த வரியைச் சட்டென்று எடுத்துக்கொள்வார். செத்தவர் வாத்தியத்தை இறக்காமல் வாயில் வைத்தபடியே நடப்பார். மாப்பிள்ளைக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் மாமனுக்குத் தெரியாது. தெருவுக்கே தெரியாது. எடுத்துக்கொண்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. நேராகப் பார்த்து நடக்க வேண்டும். ஊர்வலம் முடிந்து பந்தியில் உட்காரும்போதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நன்றியும் கிடையாது, கிண்டலும் கிடையாது.

எவ்வளவு அழகான வழக்கம்! அந்த அழகான வழக்கத்தை வைத்துத்தான் அந்த மனிதரை நாங்கள் அறுத்தோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதிர்வேலுக்கு உதடு நிற்காது, பாவம், ஏற்றத்தில் வழுக்கிவிடுவார், நாம் எடுத்துக்கொள்வோம் என்று, என் பங்கை ஊதாமல் அவருடைய ஏற்றத்தை டிராம்போனில் ஊதி, அருண்குமாருக்கு அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே வழக்கம்? தேவனாம்பட்டினத்தில் அய்யனார் என்ன செய்தார்? அதே ஏற்றத்தை ஊதி அனுப்பினார். யாரிடமும் சொல்லவில்லை. மஸ்கட்டில், மூடிய வண்டிக்குள், வியர்வையில் குளித்துக்கொண்டு, பழனிவேல் அண்ணன் என்ன செய்தார்? ஆமாம் தம்பி, சரியாகச் சொன்னீர்கள், அதேதான்! கீழே நின்று தாங்க வேண்டியவர்கள் ஒருவர்கூடக் கீழே இல்லை. அத்தனை பேரும் ஏணி மேல்!

அருண்குமார் கிட்டார்காரர். பித்தளைக்காரர்களின் வழக்கம் அவருக்குத் தெரியாது. வந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், அப்படியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கூடவே, "என்னாக்கா இது, எல்லாரும் கதிர் அண்ணன் லைனையே ஊதியிருக்கீங்க? உங்க லைன் எங்க?" என்று ஒரு கேள்வி.

கதிர்வேல் அதுவரை தம்முடைய பங்கை அனுப்பவே இல்லை. தினமும் கடையைப் பூட்டிவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்திருக்கிறார். பீரோ மேல் கிடந்ததை அவராகவே இறக்கியிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. அவர் அந்தப் பதிவைக் கேட்டார். கேட்டுவிட்டு எழுதினார்: "நான் இன்னும் விழவே இல்லியே. அதுக்குள்ள ஏன் தூக்குனீங்க?" எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அய்யனார் மட்டும் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, நம்ம நல்லதுக்குத்தான செஞ்சோம்?" என்றார். நல்லதுக்குத்தான். யார் இல்லை என்றது? ஆனால் ஒரு வித்தியாசத்தை நாங்கள் மறந்துவிட்டோம். தெருவில் தோளோடு தோள் நடக்கும்போது, அவர் மூச்சு தடுமாறுவது என் காதில் விழும். விழுந்த பிறகுதான் நான் எடுப்பேன். ஆளுக்கு ஓர் ஊரில், ஆளுக்கு ஒரு பூட்டிய அறையில் இருந்துகொண்டு, மூச்சு எங்கே கேட்கிறது? கேட்காத மூச்சுக்குக் கைகொடுத்தோம். அவருக்கு அது கைகொடுத்தலாகவா இருந்தது? உன்னால் முடியாது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட கூச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் முடிந்ததும் பஸ் ஏறினேன். சிதம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கடை அரைக் கதவாகச் சாத்தியிருந்தது. மாலதி தேநீர் கொடுத்தார். கதிர்வேல் ஒரு செயின் ஸ்ப்ராக்கெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கனவே பளபளவென்று இருந்த ஸ்ப்ராக்கெட் அது.

"கதிர்வேலு, தப்புதான். எல்லாருக்கும் சேத்து நான் கேட்டுக்கறேன்" என்றேன்.

"நீங்க ஏங்கா கேக்குறீங்க? உங்க மேல எனக்கு கோவம் இல்ல."

"அப்புறம் ஏன் போன எடுக்கல?"

"கோவம் இருந்தா எடுத்துத் திட்டியிருப்பேன். கோவம் இல்லாததாலதான் எடுக்கல."

அருகில் நின்ற மாலதிக்குப் பொறுக்கவில்லை. "தெனம் பின்னாடி ரூம்ல ஊதிட்டுதான் கீறாரு அக்கா. எனக்கே பாட்டு மனப்பாடம் ஆயிடுச்சு. உங்களுக்கு அனுப்பறதுக்குள்ள உங்க பதிவு வந்துட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கதிர்வேல் எழுந்தார். உள்ளே போனார். ட்ரம்பெட்டை எடுத்து வந்தார். ஏற்றத்தைத் தொடங்கினார். அம்மா! எத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன் அந்தச் சத்தத்தை! ஏறினார், ஏறினார், உச்சிக்குக் கொஞ்சம் கீழே உதடு வழுக்கியது. சத்தம் கிழிந்தது. காற்று மட்டும் வந்தது. அவர் வாத்தியத்தை இறக்கினார்.

"பாத்தீங்களாக்கா? இதுவரைக்கும்தான் நான். இதுக்கு மேல நீங்க யாரு வேணா எடுத்துக்குங்க, நான் வேணாங்கல. ஆனா இதுவரைக்கும் நான் வரணும்ல? இதுவும் இல்லன்னா நான் எதுக்குக்கா அந்தப் பாட்டுல?"

பெரியோர்களே! நான் எத்தனையோ மனுக்களை ஏற்றியவள். இவ்வளவு நியாயமான ஒரு மனுவை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு வேலை தலைகீழானது. முதலில் கதிர்வேல் ஊத வேண்டும், தடுமாறும் இடம் உட்பட. அதை எங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைக் காதில் கேட்ட பிறகு, அது எங்கே நிகழ்கிறதோ அங்கே நாங்கள் நுழைய வேண்டும். அருண்குமார், "அண்ணே, அந்தக் கிழிஞ்ச இடத்த சாஃப்ட்வேர்ல ஒட்டிடலாம், ஒரு நிமிஷ வேல" என்று கெஞ்சினார். கதிர்வேல் விடவில்லை. "அது என் உதடு. அத ஒட்டாத" என்றார்.

சொல்வது சுலபம். செய்து பாருங்கள்! தடுமாறுகிறவர் தாளம் பார்த்தா தடுமாறுவார்? அடிக்கும் அடிக்கும் நடுவில், எந்தக் கணக்கிலும் சேராத ஓர் இடத்தில் அவர் சத்தம் கிழிந்திருந்தது. அங்கே நான் நுழைய வேண்டும். முந்தினால் மறுபடி அவரைத் தூக்கிவிட்டவள் ஆவேன். பிந்தினால் அவரைத் தெருவில் விட்டவள் ஆவேன். ஊதினேன். சரியில்லை. மறுபடி ஊதினேன். அதுவும் சரியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "ஏம்மா, அந்த ஒரு எடம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அலுவலகத்தில் மனு ஏற்றும்போதும் அந்த இடம் காதுக்குள் ஓடியது. அய்யனார் வலையை அலசிக்கொண்டே முணுமுணுத்தார். பழனிவேல் அண்ணன் மஸ்கட்டிலிருந்து, "ஜான்சி, எனக்கு வயசு ஜாஸ்தி ஆயிடுச்சும்மா, இந்த வண்டிக்குள்ளயே போயிடுவேன் போல கீது" என்று குரல் பதிவு அனுப்பினார். அனுப்பிய கையோடு தன் பங்கையும் ஊதி அனுப்பினார். கீழே நின்று தாங்குகிற, அவருக்கே உரிய பங்கை.

ஒரு மாலை எனக்குப் பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காதில் கருவியை மாட்டி, கண்ணை மூடி, கதிர்வேல் என் பக்கத்தில் நடக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் ஏறினார். அவர் மூச்சு தடுமாறியது. தடுமாறியதும் என் கை தானாக நீண்டது. டிராம்போன் அடியிலிருந்து வழுக்கி மேலே வந்து, அவர் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. இரண்டாவது முறை ஊதிப் பார்க்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். உச்சியில் நின்றது டிராம்போன்; உங்களில் பலர் அதையும் கதிர்வேலின் ட்ரம்பெட் என்றே எண்ணிக்கொண்டீர்கள். கேட்டுவிட்டு எழுதினீர்களே, எத்தனை எத்தனை கருத்துகள்! "ட்ரம்பெட் உடைந்து டிராம்போனாக மாறும் அந்த இடம் என்ன அற்புதமான அமைப்பு" என்று ஒருவர். "இசையமைப்பின் உச்சம்" என்று இன்னொருவர். எந்த இசைப்பள்ளியில் இதைப் பயின்றீர்கள் என்று ஒரு பேராசிரியர். ஐயா, புவனகிரி சாலையில் பயின்றோம். மாடு சொல்லிக் கொடுத்தது.

கைதட்டாதீர்கள், இன்னும் முடிக்கவில்லை. ஆகவே, கல்யாணத்துக்குக் கூப்பிட நினைக்கிறவர்களே, கேளுங்கள். கதிர்வேலால் அந்த உச்சத்தைத் தொட முடியாது. நாளைக்கும் முடியாது. அடுத்த முகூர்த்தத்திலும் முடியாது. அவரைச் சிகரம் தொடச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவர் எதுவரை வருவாரோ அதுவரை வரச்சொல்லிக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் இருக்கிற தூரத்துக்கு நாங்கள் இருக்கிறோம். அவருக்கு அது இழுக்கா? இல்லை! எங்களுக்கு அது இரக்கமா? இல்லை! உடைகிற இடத்தை ஒட்டி மறைக்காமல், அங்கே இன்னொருவர் நுழைவதற்கு வழிவிடுகிற நெஞ்சு எத்தனை பேருக்கு உண்டு? வீட்டில் உண்டா? வேலையில் உண்டா? விழுமுன்னே தூக்கிக் கெடுக்கிறோம். விழுந்த பின்னே பார்த்துச் சிரிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நிற்க உடம்பு நோகிறது, உறக்கம் கெடுகிறது, அலுப்பு ஆளைத் தின்கிறது. ஆனாலும் மனிதர்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான்!

முடிக்கிறேன். தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இதைச் சொல்லப்போகிறேன் என்று கதிர்வேலுக்குத் தெரியாது. இதற்கு நான் அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை, ஏனென்றால் இது என்னுடைய உதட்டைப் பற்றியது.

போன வாரம் திருவதிகையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. கதிர்வேல் விபத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தெருவுக்கு வந்தார். முன்னால் அய்யனார் நடந்தார். கதிர்வேல் என் பக்கத்தில். அன்றும் நான் அலுவலகம் முடித்து, பண்ருட்டி பஸ்ஸில் நசுங்கி வந்தவள். மாப்பிள்ளையின் நண்பர்கள் அந்த ஃபங்க் பாட்டையே கேட்டார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஏற்றம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கதிர்வேலைத் தாங்கவேண்டும் என்று மூச்சை இழுத்துத் தயாராகிறேன், என் உதடு செத்துவிட்டது. காற்றுதான் போகிறது. சத்தம் இல்லை. பல்லும் போகவில்லை, மாடும் வரவில்லை. வெறும் அலுப்பு. அவ்வளவுதான்.

டிராம்போனை வாயில் வைத்தபடியே நடந்தேன். மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியாது. என் பங்கு அறுந்துவிட்டது என்று நான் நினைத்த அந்த நொடியில், பக்கத்திலிருந்து அதே பங்கு கேட்டது. கீழே, அடக்கமாக, கட்டுப்பல்லுக்கு நோகாத தாழ்ந்த இடத்தில், ஒரு ட்ரம்பெட் என் வரியை எடுத்துக்கொண்டது. அன்று உச்சத்தை எவரும் தொடவில்லை. எவரும் அதைத் தேடவும் இல்லை. தெரு ஆடிக்கொண்டே போனது. பந்தியில் கதிர்வேல் என் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தார். பாயசத்தைப் பற்றிப் பேசினார். பஸ் கிடைக்குமா என்று பேசினார். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

வழக்கப்படி நானும் பேசக் கூடாது. பேசுகிறேன். கதிர்வேலு, அன்னைக்கு என் லைன எடுத்தது நீதான்னு எனக்குத் தெரியும்.

எல்லாரும் திரும்பிப் பாருங்கள் அவரை. பார்த்தீர்களா? என்னைப் பார்க்கிறாரா? உங்களைப் பார்க்கிறாரா? நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இவ்வளவு நேரம் இந்தப் புழுக்கத்தில் பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. நாற்காலி போட்டவர்களுக்கும் நன்றி, மைக் கட்டியவர்களுக்கும் நன்றி. போகிற வழி பார்த்துப் போங்கள், வீட்டில் நல்லபடியாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். ஓய்ந்த கைகளைக் குவித்து உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன், வணக்கம்.